பிளானோவில் ஒரு சுவரும் ஒரு ஜன்னலும்

நெவார்க்கிலிருந்து டெக்சாஸுக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். நான் லாரியில் போனேன். நான்கு நாள் ஆனது.

1998 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் பெட்டியோடு நின்றபோதும் என் கணவர் மணிக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஆபீஸ்லயே ப்ளேன் டிக்கெட் தர்றாங்க. நீ என்னமோ லாரில போறேங்கற?"

"ஆறு வருஷமா இந்த நாட்டுல இருக்கேன். டர்ன்பைக் ரோட்டையும் ஏர்போர்ட்டையும் விட்டா நான் என்னத்தங்க பாத்திருக்கேன்?"

எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது. "அம்மா, ஆர் யூ டிரைவிங் தி ட்ரக்?" என்று கண்கள் விரியக் கேட்டாள். ஓட்டவில்லை, உட்கார்ந்து வரப்போகிறேன் என்றதும் பாதி மரியாதை போய்விட்டது. காரில் ஏறி என்னை டிரென்டனில் இறக்கிவிட வந்தார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சுமதி, சொந்த ஊர் ஈரோடு. கட்டடங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் பொறியாளர். பிரின்ஸ்டன் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. டிரென்டனில் பழைய ரப்பர் தொழிற்சாலை ஒன்றின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து, ரென்சோ என்ற இத்தாலியச் சிற்பியும் அவரோடு எட்டுப் பேரும் உலோகச் சிற்பங்கள் செய்துவந்தார்கள். சுவரில் மாட்டும் சிற்பங்கள். டெக்சாஸ் மாநிலம் பிளானோவில் புதிதாகத் திறக்கவிருந்த இதய மருத்துவமனை ஒன்றின் முன்கூடத்துக்காக எட்டு மாதம் உழைத்து ஒரு வேலையை முடித்திருந்தார்கள். அதைத் தாங்கும் சட்டத்துக்கும் சுவரில் பதிக்கும் போல்ட்டுகளுக்கும் கணக்குப் போட்டது நான். மாட்டும்போது அருகில் நின்று சரிபார்ப்பதும் என் பொறுப்பு.

என்ன சிற்பம் என்று கேட்பீர்கள். சாமி இல்லை, மனிதர் இல்லை, குதிரை இல்லை. எவர்சில்வர், செம்பு, அலுமினியத் தகடுகள். ஆள் உயரத்தில் சில, கையகலத்தில் சில. வளைத்தும் மடித்தும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எவர்சில்வரைத் தீச்சுடரால் மெல்லச் சுட்டுச் சுட்டு நிறம் ஏற்றியிருந்தார்கள். அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் விளிம்பில் ஒரு நீலம் வருமே, அதே நீலம். அதைச் சுற்றி வைக்கோல் மஞ்சள். நடுவே கத்திரிப்பூ நிறம். பட்டறையில் முதன்முறை முழுதாக அடுக்கிக் காட்டியபோது, முப்பதடி நீளத்துக்கு அது இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் ஓடியது. கணக்குப் பார்க்கப் போன நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எதைப் போல இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திங்கள். லாரியின் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டியவர் பாவோலா என்ற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும், பட்டறையில் வெல்டிங் எல்லாம் அவர் கையில். ஜன்னலோரம் ரென்சோ. அறுபத்தேழு வயது, ஒல்லி, நரைத்த புருவம். அவர்கள் தங்களுக்குள் இத்தாலியத்திலும் என்னோடு இங்கிலீஷிலும் பேசினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன். பின்னால் பன்னிரண்டு மரப்பெட்டிகளில் தகடுகள். ஹாரிஸ்பர்க் தாண்டித் தெற்கே திரும்பும் 81ஆம் எண் ஃப்ரீவேயைப் பிடித்ததும் இருபுறமும் மலைகள் தொடங்கின. இலையுதிர் காலம். மலை முழுக்கப் பழுத்திருந்தது. வர்ஜீனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் மணிக்கணக்காகப் போனோம். யாரும் ரேடியோ போடவில்லை.

மதியம் ஒரு டீசல் பங்கில் நின்று, நான் கட்டிக் கொண்டுவந்த புளிசாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். டீசல் கேலனுக்கு ஒரு டாலர் ஐந்து சென்ட். அப்போதுதான் துணிந்து கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க செய்றது என்னன்னு ஊர்ல யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

ரென்சோ ஒரு வாய் சாதத்தை மென்று முடித்தார். "என் அம்மாவும் இதையேதான் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. சாப்பாடு போடற நேரம் பாத்துத்தான் கேப்பாங்க. அப்ப போய் யாராவது வாதம் பண்ணுவாங்களா?"

பாவோலா சிரித்ததில் சாதம் சிதறியது. எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. ரோனோக் ஊரில் சாலையோர மோட்டல் ஒன்றில் தங்கினோம்; அறைக்கு முப்பத்தொன்பது டாலர்.

செவ்வாய் பெரும்பகுதி டென்னஸி. நாஷ்வில்லில் தங்கல். அன்று பாவோலா பட்டறையின் சட்டதிட்டத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே முதலாளி கிடையாது. வரும் வருமானம் ஒன்பது பேருக்கும் சமம். ஒரு வேலையின் உருவத்தை மாற்றுவது போன்ற பெரிய முடிவென்றால் ஓட்டெடுப்பு. ஆளுக்கு ஒரு ஓட்டு. நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒன்று, ரென்சோவுக்கும் ஒன்று. சட்டத்தை எழுதியதே ரென்சோதான்.

"அவர் எப்பவாவது தோத்திருக்காரா?" என்று கேட்டேன்.

பாவோலா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை ஒருமுறை பார்த்தார். "அதுக்கு அவசியம் வந்ததில்லை. அவர் வரைஞ்சதை யாரும் எதிர்த்ததில்லை."

புதன் பிற்பகல் மெம்ஃபிஸில் மிசிசிப்பியைக் கடந்தோம். காவிரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஆறு ஒன்றும் புதிதில்லை. இருந்தாலும் பாலத்தின் நடுவில் பாவோலா வேகத்தைக் குறைத்தபோது, கீழே பழுப்பு நிறத்தில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்த அந்தத் தண்ணீரின் அகலத்தைப் பார்க்க ரென்சோவைத் தாண்டி எட்டினேன். அர்கன்சாவின் நெல்வயல்களைக் கண்டு நான் வியந்தேன். அமெரிக்காவில் நெல் விளையும் என்பதையே அன்றுதான் அறிந்தேன். டெக்சாஸ் எல்லையில் டெக்சர்கானாவில் தங்கி, வியாழன் நண்பகல் பிளானோவுக்குள் நுழைந்தோம். டிரென்டனிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மைல்.

பிளானோவில் வானம்தான் முதலில் கண்ணில் படும். அதன் கீழே டோல்வே என்ற சுங்கச் சாலை, கண்ணாடி ஆபீஸ்கள், கார் நிறுத்தங்கள், தெலுங்கிலும் குஜராத்தியிலும் போர்டு வைத்த கடைவரிசை. லெகசி சாலைப் பக்கம் திரும்பியதும் மருத்துவமனை. வாசலில் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் ஜெயராணி காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்ன வெள்ளிச் சிலுவை.

"வாங்கோ, வாங்கோ! நீங்கள்தானே எஞ்சினியர்? பேரைப் பாத்தவுடனேயே தமிழ்ப் பிள்ளை எண்டு விளங்கீட்டுது. சாப்பிட்டியளோ?"

அதற்குள் நான் அவர் தோளுக்குப் பின்னால் கூடத்தின் சுவரைப் பார்த்துவிட்டேன். வரைபடத்தில் முப்பத்தாறடிக்கு வெறும் வெள்ளைச் சுவர் இருந்தது. இங்கே அதன் நடுவில், தரையிலிருந்து கூரைக்கு அருகில் வரை, நீளமாக ஒரு ஜன்னல்.

ரென்சோவும் பார்த்துவிட்டார். கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஒரு சின்ன மாற்றம்தான் செய்வித்தனான், பிள்ளை. போன மாதம் வந்து பாத்தா இந்த இடம் முழுக்க ஒரே இருட்டு. அதுதான் யன்னல் ஒண்டு வைக்கச் சொன்னனான். ரெண்டு பக்கமும் இடம் இருக்குதுதானே?"

அதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரென்சோ மெதுவாகத்தான் பேசினார். "இது வேற சுவர், டாக்டர். நாங்க செஞ்சது இந்தச் சுவருக்கு இல்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம். திருப்பிக் கொண்டுபோறோம்."

டாக்டரும் மசியவில்லை. "யன்னலை மூட ஏலாது" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே அவரிடம் இங்கிலீஷில் சொன்னார்.

அப்போது பாவோலா நடுவில் வந்தார். வேலையின் உருவம் மாறப்போகிறது என்றால் அது ஒன்பது பேர் விஷயம் என்றார். டாக்டரின் அறையில் மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர் போனில் டிரென்டனைக் கூப்பிட்டார். பட்டறையில் ஆறு பேர் போனைச் சுற்றி நின்றார்கள். இங்கே பாவோலா, ரென்சோ. ஒன்பதாவது ஆள் பிரசவ விடுப்பில், வீட்டிலிருந்து இணைந்தார். பின்னணியில் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

முதலில் ரென்சோ பேசினார். பல வருடம் முன்பு இத்தாலியில் அவர் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வெளியே ஒரு வெறுஞ்சுவருக்கு எதிரே காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தாராம். "பெயின்ட்ல ஒரு விரிசல் இருந்துச்சு. நாள் பூரா அதையே பாத்தேன். பிடிச்சுக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. சாயங்காலம் டாக்டர் வெளிய வந்தப்ப அவர் முகத்தைப் பாக்கப் பயந்து, மறுபடி அந்த விரிசலைத்தான் பாத்தேன்." மனைவி பிழைக்கவில்லை. "அந்த மாதிரி ஒரு சுவருக்கு ஏதாவது செய்யணும்னு இருந்தேன். அதைத்தான் செஞ்சிருக்கேன். நடுவுல ஜன்னல் இருந்தா, கார் நிறுத்தற இடத்தைத்தான் பாப்பாங்க."

பாவோலா டாக்டரைப் பார்த்து, "நீங்களும் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் நின்றபடியே இங்கிலீஷில் பேசினார். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஜன்னல்களுக்கெல்லாம் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்களாம். காலையா மாலையா என்று நோயாளிகளுக்குத் தெரியாது. "ஒருவர் சாகப்போகிற நேரம் என்னிடம் வெளியே வெயிலா மழையா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நானும் காலையிலிருந்து உள்ளேயே இருந்தேன்" என்றார். "என் மருத்துவமனையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பாவோலா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மாட்டலாம். திருப்பிக் கொண்டு வாங்க. மாட்டலாம். மாட்டலாம். கடைசியில் தன் பெயரைத் தானே சொல்லி, சற்று நிறுத்தி, "மாட்டலாம்" என்றார். ஆறுக்கு மூன்று. ரென்சோ தோற்றார்.

அவர் பாவோலாவை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் இல்லை, புதிதாகச் சந்தித்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். வெயிலில், காலியான கார் நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விமான நிலையத்துக்கு டாக்சி கூப்பிடப்போகிறார் என்றே நினைத்தேன். பாவோலா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தார். "லாரிச் சாவி" என்று கையை நீட்டினார். பாவோலா தயங்கிக் கொடுத்தார். ரென்சோ லாரியின் பின்கதவைத் திறந்து, முதல் பெட்டியின் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க. தரையில விரிங்க. ஜன்னல் எங்க இருக்கோ அந்த இடத்துல என் கோட்டு கிடக்கட்டும்."

அன்று மாலைவரை அந்தக் கார் நிறுத்தத்தில் நான் பார்த்ததை எப்படி எழுதுவது? முப்பதடி நீளத்துக்குத் தகடுகள். நடுவில் ஒரு கறுப்புக் கோட்டு. அறுபத்தேழு வயது மனிதர் முழங்காலிட்டு ஒவ்வொரு தகடாக நகர்த்துகிறார். எட்டு மாதம் அவரே இழைத்து இழைத்துச் சேர்த்த அந்த ஒரே வீச்சை அவரே பிரித்துப்போட்டார். சுவரோடு படுக்க வேண்டிய பெரிய தகடுகளை எடுத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக, மீன் செதிள் போல நிறுத்தினார். "வெளிச்சம் இந்தப் பக்கம் வருதில்ல? அப்ப இது அதுக்கு முகம் காட்டணும்." பாவோலா பேசாமல் அருகில் மண்டியிட்டார். அரைமணியில் இருவரும் இத்தாலியத்தில் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. அது வேலைச் சண்டை.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தகடு சுவரோடு படுத்திருந்தால் போல்ட் எடையை மட்டும் தாங்கினால் போதும். வெளியே நீட்டி நின்றால் அது போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். ஜன்னல் ஓரத்தில் சுவரின் மேல்பலகையைத் திறந்து காட்டச் சொன்னேன். கட்டட வேலையாட்கள் திறந்தார்கள். உள்ளே மெல்லிய தகரச் சட்டங்கள்தான் இருந்தன.

"முடியாது" என்றேன்.

"நாலு வருஷம் கழிச்சு வேணா ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதானே?" என்றார் ரென்சோ. கெஞ்சலாகத்தான் சொன்னார்.

"இன்னிக்கு விழாது. அதான் ஆபத்து. நிறையப் பேர் கீழ உக்காந்திருக்கற ஒரு நாள்ல விழும். அதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இந்த மூன்று பேருக்கும் இந்தச் சுவர் என்னவென்று அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டிருந்தேன். கடைசியில் வேண்டாம் என்று சொல்லும் ஆளாக நான் ஆகிவிடக்கூடாது என்று உள்ளே ஒரு தவிப்பு. மோட்டலுக்குப் போகவில்லை, டாக்டரின் மேஜையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜன்னலுக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்பு உத்திரம் உறுதியானது. அதிலிருந்து தரைவரை இரண்டு எஃகுப் பட்டைகளைச் சுவருக்குள் இறக்கி, செங்குத்துத் தகடுகளை அவற்றில் பிடித்துவிட்டால் சுவர் எதையும் தாங்க வேண்டியதே இல்லை. வரைந்து, கட்டடத்தின் உள்ளூர்ப் பொறியாளருக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து ஒப்புதல் வந்தபோது பாவோலா என்னைக் கட்டிப்பிடித்து, என் சட்டையெல்லாம் கரி ஆக்கினார்.

வெள்ளியும் சனியும் வேலை. டாக்டர் வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்தபடி இருந்தன. ரென்சோ சாரத்தில் ஏறி ரசமட்டம் பிடித்தார். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்த டாக்டர் கீழே நின்று, "இறங்கி வாங்கோ, முதல்ல உங்களைத்தான் டெஸ்ட் பண்ண வேணும்" என்று தமிழிலேயே அதட்டினார். அர்த்தம் புரியாமலே அவர் இறங்கி வந்தார்.

ஞாயிறு காலை. ஜன்னல் கிழக்கு பார்த்தது. எட்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு நாங்கள் நான்கு பேரும் உள்ளே போனோம். விளக்கு எதுவும் போடவில்லை.

வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, நிமிர்ந்து நின்ற முதல் தகட்டில் பட்டு, அடுத்ததற்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்தது. சுட்டு ஏற்றிய அந்த நீலமும் மஞ்சளும் தகட்டில் நிற்கவில்லை; வெள்ளைச் சுவரில், கூரையில், எங்கள் கைகளில்கூட விழுந்திருந்தன. செம்பு இருந்த பக்கம் சுவரே சிவந்திருந்தது. வெளியே சாலையில் ஒரு பேருந்து போனது. அதன் நிழல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எல்லாத் தகடுகளிலும் புரண்டு ஓடி மறைய, நிறங்கள் ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தன. கோயில் கருவறையில் திரை விலகும்போது எனக்குள் எழுவதைத் தவிர வேறு எதையும் அதற்கு இணையாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து ரென்சோ சொன்னார்: "இன்னும் எனக்கு அந்த ஜன்னல் பிடிக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

திங்கள் காலை மருத்துவமனை திறந்தது. முதலில் வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பெயர் சொல்லி அவரை உள்ளே அழைத்துக்கொண்டதும் அந்த அம்மா தனியானார். கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தகடுகளைப் பார்த்தார். ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, அவர் கண் வெளிச்சத்தோடு போய்க்கொண்டே இருந்தது. வாசலில் நின்ற ரென்சோ அதைப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய் லாரியில் ஏறிக்கொண்டார். பாவோலா வண்டியைக் கிளப்பினார். அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

எனக்கு மாலை விமானம். டாக்டரே காரில் கொண்டுபோய் விட்டார். டோல்வேயில் ஒரு சுங்கச் சாவடியைத் தாண்டினோம். பிறகு சொன்னார்:

"அண்டைக்கு அவர் வெளியில போய் நடந்து திரிஞ்சார் எல்லோ, பிள்ளை?"

"ஆமாங்க, டாக்டர்."

"அந்த மனுசன்ரை மனுசியின்ரை கதையைக் கேட்டாப் பிறகு எனக்கு மனம் கேக்கேல்லை. யன்னலை மூடிவிடுங்கோ எண்டு சொல்லத்தான் எழும்பினனான். நான் கதவடிக்குப் போக, அவர் சாவியைக் கேட்டுக்கொண்டு உள்ளுக்கை வாறார். ஒரு அஞ்சு நிமிசம் பிந்தி வந்திருந்தாரெண்டா யன்னல் இல்லை."

விமானத்தில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் கோயில் கமிட்டியில் ஓட்டெடுப்பில் தோற்றவர் மறுவருடம் தனியாக ஒரு கமிட்டி வைப்பார். இருதரப்பும் பேரன் காலம்வரை பேசிக்கொள்ள மாட்டார்கள். நியூ ஜெர்சி தமிழர்களாகிய நாங்களும் பொங்கல் விழா விஷயத்தில் அந்த வழக்கத்தை விடவில்லை. இங்கே தோற்ற ஒருவரும் ஜெயித்த ஒருவரும் ஒரே கால் மணி நேரத்தில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், விட்டுக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

ரென்சோவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு பட்டறைக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். வருத்தப்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன்.

"அஞ்சே நிமிஷமா?" என்றார்.

"அப்படித்தான் சொன்னாங்க."

"தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சுத்து நடந்திருப்பேனே!" என்று கத்தினார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில், பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்று, என்ன விஷயம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவது போனில் எனக்குக் கேட்டது.